மேசைக்கணினி மின்னஞ்சல் நிரலியில் மிகை நினைவகப் பயன்பாடு: தமிழாய்வாளரின் கடிதச் சேமிப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழாய்வாளர்களின் கடிதப் போக்குவரத்து கடந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கு மாறியுள்ளது. அக்கடிதங்களைத் தம் கணினியிலேயே சேமித்து வைக்க விரும்புவோர் தண்டர்பேர்டு போன்ற மேசைக்கணினி நிரலிகளைக் கையாளுகின்றனர். சேமிப்பு பெருகும்போது நிரலி அளவுக்கு மீறி நினைவகத்தை எடுத்துக்கொள்வதும், கணினி தடுமாறுவதும், அதைத் தவிர்க்கப் பழைய கடிதங்கள் அழிக்கப்படுவதும் நிகழ்கின்றன. இச்சிக்கலின் காரணங்களை இக்கட்டுரை வகைப்படுத்துகிறது. தமிழ் எழுத்துக் குறியாக்கம் இதற்குக் காரணமா என்பதைக் கணக்கிட்டு ஆராய்கிறது. கடிதங்களை இழக்காமல் சிக்கலைத் தீர்க்கும் முறையை வரிசைப்படுத்தி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல், நினைவகம், தண்டர்பேர்டு, ஒருங்குறி, திஸ்கி, கடித ஆவணம், தாடிக்கொம்பு.

1. முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதுவோருக்குக் கடிதங்கள் முதன்மைச் சான்றுகள். உ.வே.சாமிநாதையர் (1855–1942) தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தார். சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் அவற்றைக் காத்தது. அதனால்தான் ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் அவை கடிதக் கருவூலமாக ஆய்வுலகுக்குக் கிடைத்தன. சுவடி தேடியவர், பாடவேறுபாடு கேட்டவர், பொருளுதவி செய்தவர் எனப் பலரின் பங்கும் அக்கடிதங்களின் வழியே தெரியவருகிறது.

1990களின் நடுப்பகுதிக்குப் பின் இத்தகைய உரையாடல் மின்னஞ்சலுக்கு இடம்பெயர்ந்தது. திஸ்கி எனப்படும் தமிழ் எழுத்துக் குறியாக்கம் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் நடத்திய விவாதங்களின் வழியே உருப்பெற்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு மின்னஞ்சல் வழியாகவே இலக்கியங்களைத் தட்டெழுதிப் பிழைதிருத்தினர். இன்றைய முனைவர்பட்ட ஆய்வாளரும் இயல்களை நெறியாளருக்கு அனுப்புவதும் திருத்தங்களைப் பெறுவதும் இவ்வழியில்தான். ஆகவே, ஓர் ஆய்வாளரின் மின்னஞ்சல் கோப்புறையை நாளைய கடிதக் கருவூலம் எனலாம்.

இந்த ஆவணத்துக்கு நேரும் இடர்களுள் ஒன்று, வெளிப்பார்வைக்குச் சிறிய தொழில்நுட்பக் குறையாகவே தோன்றுகிறது. நிரலியைத் திறந்தால் கணினி திணறுகிறது. நினைவகம் நிரம்பியதாக எச்சரிக்கை வருகிறது. காரணம் புரியாத நிலையில் பயனர் எடுக்கும் முதல் முடிவு பழைய கடிதங்களை நீக்குவதாக இருக்கிறது. அம்முடிவு பெரும்பாலும் சிக்கலைத் தீர்ப்பதில்லை. சான்றுகளை மட்டும் அழிக்கிறது. எனவே நோயின் காரணத்தைக் கண்டறிந்த பின்னரே மருந்தை முடிவு செய்தல் வேண்டும்.

2. நினைவகமும் வட்டும்

பேச்சுவழக்கில் 'மெமரி' என்னும் ஒரே சொல் இரண்டு பொருள்களைக் குறிப்பதால் குழப்பம் தொடங்குகிறது. வட்டு என்பது கடிதங்கள் நிலையாகத் தங்கும் இடம். மின்சாரம் நின்றாலும் அதிலுள்ளவை அழிவதில்லை. நினைவகம் என்பது நிரலி இயங்கும்போது தரவை எடுத்து வைத்துக்கொள்ளும் தற்காலிக இடம். நூலகத்தின் அலமாரிக்கும் வாசகர் அமரும் மேசைக்கும் உள்ள வேறுபாடே இது. அலமாரியில் பத்தாயிரம் நூல்கள் இருப்பதால் மேசை நிரம்பிவிடாது; எத்தனை நூல்களை எடுத்துவந்து விரித்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே மேசை நிரம்புகிறது.

மேசை நிரம்பினால் இயங்குதளம் சிலவற்றை நினைவகத்திலிருந்து வட்டுக்கு மாற்றி வைக்கிறது. தேவைப்படும்போது மீண்டும் எடுத்துவருகிறது. சுழலும் வன்வட்டு உள்ள கணினியில் இந்த மாற்றம் மிக மெதுவாக நடைபெறும். பயனர் உணரும் திணறல் இதுதான். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளுக்கு உரியவை 2 ஜிகாபைட்டு நினைவகமும் சுழலும் வன்வட்டும் கொண்டவை. அத்தகைய கணினியை இன்றும் பயன்படுத்தும் ஆய்வாளருக்கு, வேறொருவரின் புதிய கணினியில் தெரியவே தெரியாத குறை பெருந்தடையாக நிற்கும்.

இதிலிருந்து ஒரு வரையறையைப் பெறலாம். நிரலி அதிக நினைவகத்தைப் பயன்படுத்துவது மட்டுமே குறையாகாது. வெறுமனே கிடக்கும் நினைவகத்தால் பயனில்லை என்பதால், விரைவுக்காக நிரலிகள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. வேலை முடிந்த பின்னும் எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் இருப்பதும், வட்டுக்கு மாற்றும் நிலைக்குக் கணினியைத் தள்ளுவதுமே குறை. முதலாவது நினைவகக் கசிவு எனப்படும்.

3. கடிதங்கள் சேமிக்கப்படும் முறை

தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. பின்னர் இலங்கைத் தமிழுக்கான இடைமுகத்துடனும் அது கிடைத்தது. கட்டணமற்ற, திறந்த மூலமுடைய நிரலி என்பதால் அதன் உள்ளமைப்பு அனைவருக்கும் தெரிந்தது. அதில் மூன்று அடுக்குகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, கடிதக் கோப்பு. வழக்கமான அமைப்பில் ஒரு கோப்புறையின் எல்லாக் கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன. 'எம்பாக்ஸ்' எனப்படும் இக்கோப்புக்குப் பின்னொட்டு இல்லை. ஒரு கடிதத்தை நீக்கினால் அதன்மீது நீக்கக் குறி இடப்படுகிறதேயன்றிக் கோப்பிலிருந்து அது உடனே வெளியேறுவதில்லை. 'காம்பாக்ட்' எனப்படும் சுருக்கும் பணி நடந்த பின்னரே வட்டில் இடம் மீள்கிறது.

இரண்டாவது, சுருக்கப் பட்டியல். ஒவ்வொரு கோப்புறைக்கும் 'எம்எஸ்எஃப்' என்னும் பின்னொட்டுடைய கோப்பு ஒன்று உண்டு. அனுப்பியவர், பொருள், நாள், படித்தது படிக்காதது ஆகிய விவரங்கள் இதில் உள்ளன. 'மோர்க்' என்னும் பழைய வடிவில் அமைந்த இக்கோப்பு, கோப்புறை திறக்கப்படும்போது முழுமையாக நினைவகத்துக்குள் ஏற்றப்படுகிறது. பத்துக் கடிதங்களைப் பார்க்க விரும்பினாலும் அக்கோப்புறையின் எல்லாக் கடிதங்களின் விவரங்களும் ஏறுகின்றன. மிகை நினைவகப் பயன்பாட்டின் வேர்களுள் இது ஒன்று. இவ்வடிவைக் கைவிட்டு ஒரே தரவுத்தளத்துக்கு மாறும் பணியை அதன் உருவாக்குநர்கள் மேற்கொண்டுள்ளனர்.

மூன்றாவது, முழுத்தேடல் சொல்லடைவு. 2009இல் வெளியான 3.0 பதிப்பு முதல் எல்லாக் கோப்புறைகளிலும் ஒருசேரத் தேடும் வசதி அமைந்தது. இதற்காகக் கடிதங்களில் வரும் சொற்கள் யாவும் தனித் தரவுத்தளக் கோப்பு ஒன்றில் அடைவாக்கப்படுகின்றன. புதிய கணக்கைச் சேர்த்த முதல் நாள்களில் இப்பணி பின்னணியில் நடப்பதால் நினைவகமும் செயலியும் மிகுதியாகச் செலவாகும்.

4. தமிழ் எழுத்து காரணமா?

ஆங்கிலத்தைவிடத் தமிழ் 'அதிக இடம் பிடிக்கும்' என்பது பரவலான கருத்து. இதில் பாதி உண்மை உண்டு. ஒருங்குறியில் தமிழுக்குரிய குறியிடங்கள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட்டுகளாகின்றன. 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியிடங்கள் உள்ளன. ஆக 15 பைட்டு. திஸ்கியில் இச்சொல் 4 பைட்டுகளில் அடங்கிவிடும். அஞ்சலில் செல்லும்போது இவ்வளவு மேலும் வளர்கிறது. பேஸ்64 முறையில் 15 பைட்டு 20 ஆகும். 'கோட்டட் பிரின்டபிள்' முறையில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகளால் எழுதப்படுவதால் 45 ஆகும்.

பொருள்வரிக்கும் இது பொருந்தும். அஞ்சல் விதிப்படி பொருள்வரியில் ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது; யூடிஎஃப்-8 என்னும் பெயரும் குறிகளும் 12 எழுத்துகளை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய இடத்தில் 15 தமிழ்க் குறியிடங்களே அடங்கும். 'தாடிக்கொம்பு கோயில் தூண் சிற்பங்கள்' என்னும் பொருள்வரிக்கு 3 துண்டுகள், ஏறத்தாழ 170 பைட்டுகள் தேவைப்படுகின்றன.

இனி முழுக் கடிதத்துக்கு வரலாம். ஒரு கடிதத்தில் 300 சொற்கள், ஒவ்வொரு சொல்லிலும் 9 குறியிடங்கள், சொல்லுக்கு ஓர் இடைவெளி எனக் கொண்டால் 2,700 தமிழ்க் குறியிடங்களும் 300 இடைவெளிகளும் ஆகும். வரிமுறிப்புகள் நீங்கலாக, யூடிஎஃப்-8இல் 8,400 பைட்டு, பேஸ்64இல் 11,200, கோட்டட் பிரின்டபிளில் 24,600. இத்தகைய 10,000 கடிதங்கள் மூன்றாவது முறையிலும் வட்டில் 246 மெகாபைட்டு இடத்தையே கொள்ளும். இது வட்டுக் கணக்கு. நினைவகத்தில் நிரலி உரையைப் பெரும்பாலும் குறியிடத்துக்கு 2 பைட்டு வீதம் வைத்துக்கொள்வதால், ஒரு கடிதத்தின் உரைக்கு 6,000 பைட்டு போதும். மேலும், 10,000 கடிதங்களின் உரையும் ஒரே நேரத்தில் நினைவகத்துக்கு வருவதில்லை. திறக்கப்பட்ட கடிதத்தின் உரையே வருகிறது.

இதனோடு ஒரு நிழற்படத்தை ஒப்பிட வேண்டும். 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் உடைய படத்தில் 1.2 கோடி புள்ளிகள் உள்ளன. வட்டில் ஜேபெக் வடிவில் அது சில மெகாபைட்டுகளே இருக்கும். திரையில் காட்டுவதற்காக முழு அளவில் விரிக்கப்பட்டால் புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 4.8 கோடி பைட்டு, அதாவது 48 மெகாபைட்டு, தேவை. மேற்கண்ட கணக்கில் 8,000 தமிழ்க் கடிதங்களின் உரைக்குச் சமமான நினைவகத்தை ஒரே படம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எழுத்துக் குறியாக்கத்தைக் குறைகூறுவது பொருந்தாது. ஒருங்குறியை விட்டுப் பழைய குறியாக்கத்துக்குத் திரும்புவதாலும் நினைவகச் சிக்கல் தீராது.

தமிழுக்கே உரிய தாக்கம் ஒன்று உண்டு; அது சொல்லடைவில் காணப்படுகிறது. தண்டர்பேர்டின் அடைவு ஆங்கிலச் சொற்களின் ஈறுகளை நீக்கி வேர்வடிவில் பதிகிறது. தமிழ் ஈறுகளை அது அறியாது. கோயில், கோயிலை, கோயிலுக்கு, கோயிலில் ஆகியவை நான்கு தனிச் சொற்களாகவே பதிவாகும். வேற்றுமை உருபும் சாரியையும் இடைச்சொல்லும் ஒட்டிநிற்கும் மொழி என்பதால் தமிழ்க் கடிதங்களின் அடைவில் தனிச்சொற்களின் எண்ணிக்கை மிகும். புள்ளியுடன் முடியும் 'கோயில்' என்னும் வடிவம் 'கோயிலுக்கு' என்பதன் முற்பகுதியாகக் குறியிட வரிசையில் அமைவதில்லை என்பதும் தேடலில் கருதத்தக்கது. புள்ளியில்லாத 'கோயில' என்னும் பகுதியே இரண்டுக்கும் பொதுவானது. ஆயினும் அடைவின் பெரும்பகுதி வட்டில் இருக்க, தேவையான பக்கங்களே நினைவகத்துக்கு வருகின்றன. எனவே இத்தாக்கமும் ஓரளவே.

5. மிகை பயன்பாட்டின் காரணங்கள்

மேற்கூறியவற்றைக் கொண்டு காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

அ) பிரிக்கப்படாத பெருங்கோப்புறை: பல்லாண்டுக் கடிதங்கள் யாவும் உள்பெட்டியிலேயே கிடக்குமாயின், நிரலியைத் திறக்கும்தோறும் அவற்றின் சுருக்கப் பட்டியல் முழுவதும் நினைவகத்தில் ஏறும்.

ஆ) ஒரே கடிதம் பல கோப்புறைகளில் தோன்றுதல்: ஜிமெயில் போன்ற சேவைகளில் அடையாளச் சீட்டு ஒவ்வொன்றும் தனிக் கோப்புறையாகக் காட்டப்படுகிறது. உள்பெட்டியில் உள்ள கடிதம் 'ஆல் மெயில்' என்பதிலும் இருக்கும். கடிதத்தின் சுருக்க விவரம் ஈரிடத்தும் பதிவாகிறது.

இ) இணைப்புப் படங்கள் கடிதத்தினுள்ளேயே விரிதல்: கடிதத்தைத் திறந்தவுடன் இணைக்கப்பட்ட படங்களை உரையின் கீழே காட்டுவது இயல்பு அமைப்பு. கல்வெட்டு, சிற்பம், சுவடி ஆகியவற்றின் படங்களைப் பரிமாறும் ஆய்வாளருக்கு இதுவே பெருஞ்செலவு.

ஈ) அடைவாக்கப் பணி: புதிய கணக்கு சேர்த்த பின்னரோ அடைவுக்கோப்பு பழுதுற்றபோதோ நிகழ்வது. முதலாவது தானே முடிவுறும். இரண்டாவது ஓயாமல் தொடரும்.

உ) நீட்சிகள்: நிரலியுடன் பயனர் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்கள் சில, எடுத்த நினைவகத்தை விடுவதில்லை.

ஊ) நிரலியின் சொந்தக் கசிவு: இது பதிப்புக்குப் பதிப்பு மாறும். தண்டர்பேர்டு பயர்பாக்சு உலாவியின் இயக்கப் பொறியையே பயன்படுத்துவதால், நினைவகச் செலவைக் குறைக்க 2011இல் மொசில்லா தொடங்கிய முயற்சியின் பயன் இதற்கும் கிடைத்தது.

மேற்கோள் பழக்கத்தையும் இங்குக் குறிப்பிடலாம். ஒவ்வொரு மறுமொழியிலும் முந்தைய கடிதம் முழுவதும் ஒட்டி வருமாயின், ஒரே அளவுடைய 20 கடிதங்களின் தொடர் 210 கடிதங்களின் அளவுக்கு வளரும். இது வட்டையும் அடைவையும் பெருக்குமேயன்றி நினைவகத்தை நேரடியாகப் பாதிப்பது குறைவு.

6. அளந்தறிதல்

ஊகத்தால் நடவடிக்கை எடுப்பதைவிட அளப்பதே முறை. இயங்குதளத்தின் 'டாஸ்க் மேனேஜர்' ஒட்டுமொத்த அளவை மட்டும் காட்டும். எதனால் என்று கூறாது. தண்டர்பேர்டிலேயே அதற்கான கருவி உண்டு. 'ஹெல்ப்' பட்டியலில் 'டிரபுள்ஷூட்டிங் இன்பர்மேஷன்' என்னும் பக்கத்தில் 'அபௌட்:மெமரி' என்னும் இணைப்பு உள்ளது. அதிலுள்ள 'மெஷர்' பொத்தானை அழுத்தினால் நினைவகச் செலவு கிளைகளாகப் பிரித்துக் காட்டப்படும்.

ஒரே அளவீட்டால் பயனில்லை; நான்கு அளவீடுகள் தேவை. நிரலியைத் திறந்தவுடன் ஒன்று. எதையும் செய்யாமல் ஒரு மணி நேரம் விட்டபின் ஒன்று. மிகப்பெரிய கோப்புறையையும் படங்கள் நிறைந்த கடிதம் ஒன்றையும் திறந்தபின் ஒன்று. அவற்றை விட்டு வேறு சிறு கோப்புறைக்கு வந்து, அப்பக்கத்திலேயே உள்ள 'மினிமைஸ் மெமரி யூசேஜ்' பொத்தானை அழுத்தியபின் ஒன்று. மூன்றாவதில் ஏறி நான்காவதில் இறங்கினால் அது இயல்பான பயன்பாடு. இறங்காமல், ஒவ்வொரு முறையும் படிப்படியாக ஏறிக்கொண்டே சென்றால் கசிவு. சும்மா இருக்கும்போதே ஏறினால் பின்னணிப் பணியை ஐயுற வேண்டும்.

கிளைகளின் பெயர்கள் காரணத்தைச் சுட்டும். 'மெயில்டிபி' என்னும் கிளையில் ஒவ்வொரு கோப்புறையின் சுருக்கப் பட்டியலும் தனித்தனியே தெரியும். அது பெரிதாயின் (அ), (ஆ) ஆகிய காரணங்கள் பொருந்தும். 'ஸ்டோரேஜ்' கிளையில் அடைவின் தரவுத்தளம் தெரியும், அது (ஈ). 'இமேஜஸ்' என்பது (இ). நீட்சிகளின் பெயரில் பெருந்தொகை தெரிந்தால் (உ). எதிலும் அடங்காத 'ஹீப்-அன்கிளாசிஃபைடு' என்னும் பகுதி தொடர்ந்து வளர்ந்தால் (ஊ) எனக் கருதி, அளவீட்டைக் கோப்பாகச் சேமித்து உருவாக்குநர்களுக்கு அனுப்பலாம். அக்கோப்பில் கோப்புறைப் பெயர்களும் கணக்கு விவரங்களும் இருக்கக்கூடும் என்பதால், அதே பக்கத்தில் உள்ள பெயர்மறைப்புத் தெரிவைக் குறியிட்ட பின்னரே சேமித்தல் நன்று.

7. தீர்வின் வரிசை: ஒரு மாதிரிச் சூழல்

விளக்கத்தின் பொருட்டுப் பின்வரும் சூழலைக் கொள்ளலாம். திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்பில் சௌந்தரராசப் பெருமாள் கோயில் அமைந்துள்ளது. அதன் மண்டபத் தூண்களில் உள்ள பெருஞ்சிற்பங்கள் கலைவரலாற்று ஆய்வாளர்களை ஈர்ப்பவை. இவ்வூரில் இருந்துகொண்டு அச்சிற்பங்களை ஆராயும் ஒருவர், படங்களை நெறியாளருக்கும் பிற ஊர் அறிஞர்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். 2 ஜிகாபைட்டு நினைவகமுடைய மடிக்கணினி. உள்பெட்டியில் பிரிக்கப்படாத 10,000 கடிதங்கள். அவற்றுள் பலவற்றில் பத்துப் பத்துப் படங்கள். பத்துப் படங்கள் உள்ள ஒரு கடிதத்தைத் திறந்து, அவை முழு அளவில் விரிந்தால் 480 மெகாபைட்டு செலவாகும். இது கணினியின் மொத்த நினைவகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இயங்குதளமும் சொற்செயலியும் உலாவியும் எஞ்சியதைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலையில் திணறல் தவிர்க்க முடியாதது.

இந்நிலையில் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகள், இழப்புக்கு இடமில்லாதவை முதலில் வருமாறு கீழே வரிசைப்படுத்தப்படுகின்றன.

முதற்படி, படியெடுத்தல். நிரலியை மூடிவிட்டு அதன் 'புரொஃபைல்' கோப்புறை முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுக்க வேண்டும். மேற்கூறிய பக்கத்திலேயே அக்கோப்புறை இருக்கும் இடம் காட்டப்படுகிறது. இதனைச் செய்யாமல் அடுத்த படிகளுக்குச் செல்லலாகாது.

இரண்டாம்படி, 'டிரபுள்ஷூட் மோட்' எனப்படும் சோதனை நிலையில் நிரலியைத் திறத்தல். இந்நிலையில் நீட்சிகள் இயங்கா. சிக்கல் மறைந்தால் நீட்சிகளை ஒவ்வொன்றாக மீட்டுக் குற்றமுடையதைக் கண்டறியலாம்.

மூன்றாம்படி, 'வியூ' பட்டியலில் 'டிஸ்பிளே அட்டாச்மென்ட்ஸ் இன்லைன்' என்பதை நீக்குதல். இதன்பின் படங்கள் இணைப்பாகவே நிற்கும். வேண்டியதை மட்டும் திறக்கலாம். மேற்கண்ட மாதிரிச் சூழலில் மிகுந்த பயன் தருவது இந்த ஒரு மாற்றமே. கடிதம் ஒன்றும் இதனால் இழக்கப்படுவதில்லை.

நான்காம்படி, கோப்புறையைப் பிரித்தல். ஆண்டு அல்லது பொருள் அடிப்படையில் கடிதங்களைத் தனிக் கோப்புறைகளுக்கு மாற்ற வேண்டும். இதற்கென 'ஆர்க்கைவ்' வசதி உண்டு. அது கடிதங்களை ஆண்டுவாரியாக அடுக்கும். பயன்படாத கோப்புறையின் பட்டியலைச் சிறிது நேரத்துக்குப்பின் மூடிவிடும் ஏற்பாடு நிரலியில் இருப்பதால், பழைய ஆண்டுகளின் பட்டியல்கள் வேண்டும்போது மட்டுமே நினைவகத்தில் இருக்கும். 'ஆல் மெயில்' கோப்புறையை நிரலிக்குக் காட்டாதவாறு சேவையின் அமைப்பில் மாற்றுவதும் பயன் தரும்.

ஐந்தாம்படி, சுருக்குதலும் சீரமைத்தலும். 'காம்பாக்ட்' பணியால் நீக்கக் குறியிட்ட கடிதங்கள் வெளியேறும். கோப்புறையின் 'புராப்பர்டீஸ்' பகுதியில் உள்ள 'ரிப்பேர் ஃபோல்டர்' பழுதுற்ற சுருக்கப் பட்டியலை அழித்துப் புதிதாக உருவாக்கும். கடிதங்களில் இட்ட சில அடையாளங்கள் இதில் மறையக்கூடும். முதற்படி இதற்காகவும் தேவைப்படுகிறது.

ஆறாம்படி, சொல்லடைவு. அடைவாக்கம் ஓயாமல் தொடர்ந்தால் நிரலியை மூடி, அடைவின் தரவுத்தளக் கோப்பை மட்டும் நீக்கலாம். நிரலி அதனை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். நினைவகம் மிகக் குறைவாயின் முழுத்தேடல் வசதியையே அமைப்புகளில் நிறுத்திவிடலாம். அப்போதும் கோப்புறைக்குள் தேடும் வசதி எஞ்சியிருக்கும்.

ஏழாம்படி, பதிப்பு. கசிவுகள் பல புதிய பதிப்புகளில் திருத்தப்படுகின்றன. ஆயின் 115ஆம் பதிப்புக்குப் பிந்தையவை விண்டோஸ் 7இல் இயங்கா. அத்தகைய பழைய மடிக்கணினியில் லினக்சு இயங்குதளத்தை நிறுவுவது ஒரு வழி. நினைவகத்தைக் கூட்டுவதும் வன்வட்டுக்கு மாற்றாகத் திண்மநிலை வட்டு பொருத்துவதும் இறுதி வழி.

8. தவிர்க்க வேண்டியவை

சிக்கலைத் தீர்க்கும் முயற்சியே இழப்புக்கு வழியாவதுண்டு. மூன்று தவறுகள் குறிப்பிடத்தக்கவை.

ஒன்று, கோப்பை மாற்றி அழித்தல். எம்எஸ்எஃப் பின்னொட்டுடைய கோப்பை நீக்கினால் நிரலி அதனை மீண்டும் உருவாக்கும். பின்னொட்டு இல்லாத, அதே பெயருடைய கோப்பு கடிதங்களின் கோப்பு. அளவில் பெரிதாக இருப்பதால் அதுவே சிக்கலுக்குக் காரணமென எண்ணி நீக்கினால், கணினியில் மட்டும் சேமிக்கப்பட்ட கடிதங்கள் அனைத்தும் போய்விடும்.

இரண்டு, ஐமேப் கணக்கில் 'கணினியிலிருந்து மட்டும்' நீக்குவதாக எண்ணிக் கடிதங்களை நீக்குதல். ஐமேப் என்பது சேவையகத்தின் எதிரொளி. கணினியில் நீக்கியது சேவையகத்திலும் நீங்கும். கணினியில் இடத்தை மீட்க விரும்பினால் கணக்கு அமைப்பில் உள்ள ஒத்திசைவுப் பகுதியில், எத்தனை நாள் கடிதங்களைக் கணினியில் வைப்பது என்பதையே குறைக்க வேண்டும். அதனால் மீள்வது வட்டின் இடமேயன்றி நினைவகமன்று.

மூன்று, படிக்க இயலாத பழைய கடிதங்களைக் குப்பையெனக் கருதுதல். ஒருங்குறிக்கு முந்தைய கடிதங்கள் திஸ்கியிலோ வேறு எழுத்துருக் குறியாக்கத்திலோ அமைந்தவை. அவற்றுள் பலவற்றில் குறியாக்கத்தின் பெயர் சரியாகக் குறிக்கப்படவில்லை. திஸ்கி பன்னாட்டுக் குறியாக்கப் பதிவேட்டில் இடம்பெற்றதே 2007இல்தான். ஆகவே இன்றைய திரையில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் படிக்க இயலும். தமிழ்க் கணிமையின் தொடக்கக்கால உரையாடல்கள் இக்கடிதங்களில்தான் உள்ளன. மூலத்தை அவ்வாறே வைத்து, மாற்றிய படியைத் தனியே சேமிப்பது பதிப்பியல் நெறிக்கும் உகந்தது.

9. முடிவுரை

மின்னஞ்சல் நிரலியின் மிகை நினைவகப் பயன்பாடு கடிதங்களின் எண்ணிக்கையால் மட்டும் விளைவதன்று. தமிழ் எழுத்தின் இயல்பால் விளைவதும் அன்று. ஒரே கோப்புறையில் குவிப்பது, படங்களைக் கடிதத்துக்குள் விரிப்பது, முடிவுறாத அடைவாக்கம், குறையுடைய நீட்சி ஆகியவையே முதன்மைக் காரணங்கள். இவற்றை நிரலியின் சொந்த அளவுகருவியால் பிரித்தறிய இயலும். பெரும்பாலானவற்றை ஒரு கடிதத்தையும் நீக்காமல் சரிசெய்ய இயலும்.

ஒரு சிற்பத்தின் பெயரை இரு அறிஞர்கள் மறுத்தும் ஏற்றும் எழுதிய கடிதத் தொடர், அச்சில் வரும் கட்டுரையில் ஓரடிக் குறிப்பாகச் சுருங்கிவிடும். அம்முடிவுக்கு அவர்கள் வந்த வழி கடிதத்தில் மட்டுமே இருக்கும். சாமிநாதையர் காலத்தில் தாளைச் செல்லும் மழையும் அரித்தன. இக்காலத்தில் அவ்வேலையை ஒரு பொத்தானின் அவசர அழுத்தம் செய்துவிடுகிறது. படியெடுத்தல், அளத்தல், பிரித்தல் என்னும் மூன்றையும் ஆய்வாளர்கள் தம் ஆய்வுப் பழக்கங்களுள் சேர்த்துக்கொள்வதும், ஆய்வுநெறிமுறைப் பாடத்தில் பல்கலைக்கழகங்கள் இதற்கு ஒரு வகுப்பை ஒதுக்குவதும் அச்சேமிப்பைக் காக்கும்.